நாற்பது குடும்பச் சபைக்கு எவ்வளவு அமைப்பு வேண்டும்?

கேள்வி: கடலூர் செம்மண்டலம் பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து மூன்று வருடமாக ஆராதனை நடத்துகிறோம். நாற்பது குடும்பங்கள். முதுநகர், தேவனாம்பட்டினம், நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரிலிருந்தும் சிலர் வருகிறார்கள். எல்லாவற்றையும் பாஸ்டர்தான் பார்த்துக்கொள்கிறார். காணிக்கையும் அவருடைய சேமிப்புக் கணக்கில்தான் போகிறது. அவர் மேல் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இப்போது ஒரு பெரியவர் ஐந்து சென்ட் மனை தருகிறேன் என்கிறார். பழைய சபைகளிலிருந்து வந்தவர்கள் தலைவர், செயலாளர், பொருளாளர், வாலிபர் செயலாளர் என்று முழுக் கமிட்டியும் தேர்தலும் வேண்டும் என்கிறார்கள். கமிட்டி வந்தால் ஆவியானவருக்கு இடம் இருக்காது, கோர்ட்டில்தான் போய் முடியும் என்று பாஸ்டர் பயப்படுகிறார். டிரஸ்ட் பதிவு செய்வதா, சொசைட்டியா, அல்லது இப்படியே போகலாமா?
– ஒரு மூப்பர், கடலூர்

பதில்:

சகோதரருக்கு வணக்கம்.

மனையிலிருந்தே தொடங்குகிறேன். கமிட்டி, தேர்தல், பதவி பற்றியெல்லாம் நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம். மனை விஷயத்தில் அப்படி முடியாது. பெரியவர் நல்ல மனதோடு நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் புறப்பட்டுவிட்டால், பத்திரத்தில் யார் பெயரை எழுதுவீர்கள்? சட்டத்தின் கண்ணில் உங்கள் சபைக்கு இன்னும் பெயரே இல்லை. பதிவு இல்லை, பான் கார்டு இல்லை. ஆகவே பாஸ்டர் பெயரில் எழுதுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். புதிய சபைகள் பலவற்றில் இதுதான் நடக்கிறது.

அப்படி எழுதிவிட்டால் பத்திரத்தின்படி அந்த ஐந்து சென்ட் பாஸ்டரின் சொந்தச் சொத்து. "சபைக்காகத்தான் கொடுத்தேன்" என்று பெரியவர் வாயால் சொன்னதை வைத்துப் பிறகு வழக்காடலாம், அவ்வளவுதான். பாஸ்டருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனை அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவர்கள் தங்கமானவர்களாகவே இருக்கட்டும்; அவர்களில் ஒருவருக்குக் கடன் நெருக்கடி வந்தாலே போதும். பாஸ்டரே இரக்கப்பட்டு யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் கடனுக்காக ஜெபக்கூடத்தை ஜப்தி செய்ய முடியும்.

உங்கள் ஊரில் ஊழியம் செய்த ஒருவருக்கே இப்படி நடந்திருக்கிறது. சுவீடன் நாட்டுக்காரரான கீர்நாண்டர் என்ற மிஷனரி 1740-ல் கடலூருக்கு வந்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்த பிறகு கல்கத்தாவுக்குப் போனார். அங்கே பெரும்பாலும் தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஓர் ஆலயத்தைக் கட்டி 1770-ல் முடித்தார். பிற்காலத்தில் கடன்கள் கழுத்தை நெரித்தன. 1787-ல், முதிய வயதில், கடன்காரர்களுக்காக அவருடைய சொத்துகள் ஜப்தியானபோது ஆலயமும் சேர்ந்து போனது. அதுவும் அவருடைய சொத்தாகவே இருந்ததுதான் காரணம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கொடுத்து அதை மீட்டார். தன்னையும் சேர்த்து மூன்று பேரை அறங்காவலர்களாக வைத்து அவர்கள் பொறுப்பில் ஒப்படைத்தார். அந்த ஆலயம் இன்றும் கொல்கத்தாவில் இருக்கிறது. கீர்நாண்டர் ஆலயத்தை விற்றுத் தின்ன நினைத்தவர் அல்ல, அதற்காகக் கையிலிருந்ததைக் கொட்டியவர். அவருடைய நல்ல மனதால் ஜப்தியைத் தடுக்க முடியவில்லை.

ஆகவே, எவ்வளவு அமைப்பு வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான். எந்தெந்த விஷயத்தில் ஒரே ஒரு மனிதரை நம்பி முழுச் சபையும் நிற்கிறதோ, அங்கே எழுத்தும் இரண்டாவது கையெழுத்தும் வேண்டும். மற்ற இடங்களில் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். உங்கள் சபையில் அப்படி நிற்பவை சொத்து, பணம், பிள்ளைகள், பாஸ்டருக்குப் பிறகு யார் என்ற கேள்வி, இவ்வளவுதான். பாடகர் குழுவுக்கும் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கும் செயலாளர் எதற்கு? ஒரு நல்ல அக்கா பொறுப்பெடுத்துக்கொண்டால் அவை நடக்கும்.

டிரஸ்டா சொசைட்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலைக்கு டிரஸ்ட் போதும் என்பது என் கருத்து. சொசைட்டி என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். ஒரு வருடம் விட்டுப்போனாலும் பின்னால் அதைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், சொசைட்டியில் உறுப்பினர் என்றால் வாக்காளர். மூன்று வருடமே ஆன சபையில், ஒருவரையொருவர் இன்னும் சரியாக அறிந்துகொள்ளாத நாற்பது குடும்பங்களுக்கு நடுவில் வாக்குப்பெட்டியை வைத்தால், ஊருக்கு ஓர் அணி, உறவுக்கு ஓர் அணி என்று ஆகிவிடும். பாஸ்டர் பயப்படுவது இதைத்தான் என்றால், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

உறுப்பினர் பட்டியலில் இன்னொரு சங்கடமும் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அட்டவணைச் சாதியினர் குறித்த 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் ஆராதனைக்கு வருகிற சிலர் எந்தப் பதிவேட்டிலும் பெயர் கொடுக்கத் தயங்குவார்கள். அது அவரவர் குடும்பத்தையும் மனச்சாட்சியையும் பொறுத்த விஷயம். அவர்களை நெருக்கி ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லும் அமைப்பு உங்களுக்கு வேண்டாம்.

டிரஸ்ட் என்றால் ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவாளரிடம் வருடாந்திரத் தாக்கல் கிடையாது, வரிக் கணக்கு மட்டும் உண்டு. பாகூர் பக்கம் நாளைக்கு ஒரு ஜெப வீடு தொடங்கினாலும் அதே பத்திரம் செல்லும். சொசைட்டி முறையில் அங்கேயே தனியாகப் பதிவதானால் புதுச்சேரியில் சட்டமே வேறு, 1860-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆனால் டிரஸ்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பத்திரம் எழுதுபவர் நினைத்தால் பாஸ்டர், அவர் மனைவி, மைத்துனர் மூன்று பேரையும் ஆயுட்கால அறங்காவலர்களாகப் போட்டுவிடலாம். சட்டம் தடுக்காது. அப்படிப்பட்ட டிரஸ்ட், பாஸ்டர் பெயரிலேயே மனை இருப்பதைவிட ஒரு படிதான் மேல். பொது அறக்கட்டளை நிர்வாகம் கெட்டுப்போனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவில் சபையார் நீதிமன்றம் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி, வருடக்கணக்கில் நடக்க வேண்டும். ஆகவே காவலைப் பத்திரத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

ஐந்து அறங்காவலர்கள் போதும். ஒரு குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் கூடாது. பாஸ்டர் அதில் ஒருவராக இருக்கட்டும்; பாஸ்டர் பொறுப்பில் இருக்கும்வரைதான் அந்த இடமும். மற்ற நால்வருக்கு மூன்று வருடப் பொறுப்பு, ஆனால் எல்லோரும் ஒரே நாளில் மாறாதபடி எழுதுங்கள். குறைந்தது இரண்டு பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். உங்கள் சபையில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று முதலில் தெரிந்துகொள்கிறவர்கள் அவர்கள்தான். பொறுப்பு மட்டும் ஆண்களுக்கு என்பது சரியில்லை. மனையை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்தில் நான்கு அறங்காவலர்களாவது, கூடவே கூட்டிய சபையில் மூன்றில் இரண்டு பங்கினரும் சம்மதிக்க வேண்டும் என்று எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சபையைக் கூட்டிக் கணக்கை வாசிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தேர்தல் கேட்பவர்களுக்கு உண்மையில் வேண்டியது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். டிரஸ்டைத் திரும்பப் பெற முடியாது, ஒருவேளை கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு கிறிஸ்தவ அறக்கட்டளைக்குத்தான் போகும் என்ற வரிகள் விட்டுப்போகக் கூடாது. நிர்வாக விதிகளைத் திருத்தும் வழியும் இருக்க வேண்டும். அது இல்லாமல் பதிந்துவிட்டு, பிறகு ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூடத் தவிக்கிற டிரஸ்டுகள் நிறைய.

பத்திரம் எழுதுபவர் கம்ப்யூட்டரில் தயாராக ஒரு மாதிரி வைத்திருப்பார். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, முதியோர் இல்லம், கால்நடைப் பராமரிப்பு என்று இரண்டு பக்கத்துக்கு நோக்கங்கள் இருக்கும். பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துக் கேட்பார். போடாதீர்கள். உங்கள் நோக்கம் ஆராதனை, வேத போதனை, விசுவாசிகளைப் பராமரிப்பது, ஏழைகளுக்கு உதவி. அதை மட்டும் எழுதுங்கள். இதில் வரி விஷயமும் இருக்கிறது. முழுக்க மத அறக்கட்டளை என்றால் பையில் விழும் பெயரில்லாக் காணிக்கைக்குத் தனி வரி கிடையாது. பள்ளி, மருத்துவமனை என்று குறித்துப் பெயரில்லாப் பணம் வாங்கினால் 30 சதவீத வரிக்கு இடம் உண்டு. "80ஜி வாங்கித் தருகிறேன், காணிக்கை போடுகிறவர்களுக்கு வரிச்சலுகை" என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். ஒரு மதத்தவருக்கென்றே நடக்கும் அமைப்புக்கு அது இல்லை. உங்களுக்கு வேண்டியது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு. 1961 சட்டத்தில் 12ஏபி என்று சொல்லி வந்தோம். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. இந்தப் பதிவு இல்லாவிட்டால் காணிக்கையே வருமானமாகக் கணக்காகும். பதிவு வந்த பிறகு வருடத்துக்கு 85 சதவீதமாவது நோக்கத்துக்காகச் செலவாக வேண்டும் என்பது பொது விதி. கட்டடத்துக்குச் சேர்த்து வைப்பதென்றால் அதற்கு முறைப்படி படிவம் கொடுக்க வழி இருக்கிறது.

இப்போது காணிக்கை. பாஸ்டர் மேல் சந்தேகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் இல்லாத இந்த நேரம்தான் முறையை மாற்ற ஏற்ற நேரம். சந்தேகம் வந்த பிறகு மாற்றினால் அது குற்றச்சாட்டு ஆகிவிடும். அவருக்கே இதில் ஆபத்து இருக்கிறது. சேமிப்புக் கணக்குகளில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கம் விழுந்தால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். நோட்டீஸ் அவர் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும்.

அறக்கட்டளைக்குப் பான் எடுத்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பாஸ்டர் தவிர்த்த இரண்டு அறங்காவலர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று இருக்கட்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆராதனை முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன், எல்லோர் கண்ணும் படும் ஒரு மேசையில் பையைக் கொட்டுங்கள். உறவில்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும். கசங்கிய பத்து ரூபாய் நோட்டையெல்லாம் நீவி அடுக்கி, ஒரு துண்டுச் சீட்டில் ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை, நாணயம் எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெயர் எழுதிய தசமபாகக் கவர்களுக்கு அன்றே ரசீது. திங்கட்கிழமை முழுத் தொகையும் வங்கிக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு அதிலிருந்தே எடுத்து வாடகை கொடுத்துவிட்டு மீதியைக் கட்டும் பழக்கம் கூடவே கூடாது. வந்தது முழுக்க உள்ளே, போவது தனியாக வெளியே. எண்ணும் ஜோடி மாதம் ஒருமுறை மாறட்டும். இதற்குப் பொருளாளர் தேர்தல் எதுவும் வேண்டாம், ஒரு ரசீதுப் புத்தகமும் ஒரு நோட்டும் போதும்.

கடலூர், புதுச்சேரி சபைகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை. உங்கள் குடும்பங்களில் யாருக்காவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாமாவோ அத்தையோ கட்டாயம் இருப்பார்கள். விடுமுறைக்கு வந்து, கட்டட நிதிக்கு என்று ஒரு தொகை கொடுப்பார்கள். அவர் வில்லியனூரில் பிறந்தவராக இருக்கலாம், ரூபாயாகவே கொடுக்கலாம். பாஸ்போர்ட் பிரெஞ்சு என்றால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பாஸ்டரின் சொந்தக் கணக்கில் போடுங்கள் என்பதும் தப்பிக்கும் வழியல்ல. மத ஊழியம் நடத்தும் தனிமனிதருக்கும் அதே சட்டம்தான். பதிவுக்கு மூன்று வருட இயக்கமும், கடந்த மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். அதனால் இப்போதைக்கு அன்போடு மறுத்துவிடுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அதில் தடை இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் கமிட்டி எதற்கும் காத்திருக்காதீர்கள். ஞாயிறு பள்ளியிலும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் தனியாக, கதவு சாத்திய அறையில் இருக்கவே கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். யார் மேலாவது புகார் வந்தால் "சபைக்குள் பேசித் தீர்ப்போம்" என்பதற்கு இடமில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். இதை ஒரு தாளில் எழுதி ஆசிரியர்கள் எல்லோரிடமும் இந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆவியானவருக்கு இடம் இருக்காது என்று பாஸ்டர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விதிமுறைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடும் சபைகளை அவரும் பார்த்திருப்பார், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். எருசலேம் சபையில் முறுமுறுப்பு வந்தது உபதேசத்தால் அல்ல, விதவைகளுக்குப் பங்கிடுவதில். அப்போஸ்தலர்கள் அதற்கென்று ஏழு பேரை நியமித்துவிட்டு ஜெபத்துக்கும் போதனைக்கும் திரும்பினார்கள். வேறு எந்தப் பதவியையும் அன்றைக்கு உண்டாக்கவில்லை. நம் கரையில் புயல் நிவாரணம் பங்கிடும்போது இதே முறுமுறுப்பு அடிக்கடி வரக்கூடியது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். அடுத்த முறை இருபது தார்ப்பாய்தான் வந்து, கூரை போன வீடு முப்பது இருந்தால், யாருக்கு என்று முடிவு செய்வது பாஸ்டர் ஒருவராக இருக்கக் கூடாது. யாருக்குக் கிடைக்கவில்லையோ அவர்கள் பிறகு அவர் பிரசங்கத்தை எப்படிக் கேட்பார்கள்? புயல் வருவதற்கு முன்பே மூன்று பேரை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் அனுமதி தனியாக வேண்டும். அஸ்திவாரத்துக்கு முன் விண்ணப்பியுங்கள், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசுங்கள். திருமணம் நடத்திச் சான்றிதழ் கொடுக்க 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பாஸ்டருக்கு உரிமம் வேண்டும். டிரஸ்ட் பத்திரம் அதற்கு உதவாது. அடக்கத்துக்கு இடம் இன்னும் கடினம். பழைய சபைகளின் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் அவர்கள் அங்கத்தினருக்குத்தான். சாவு வீட்டில் நின்றுகொண்டு இடம் தேடும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. ஆகவே அறங்காவலர்கள் இப்போதே உள்ளாட்சி அலுவலகத்தில் பொது இடுகாடு பற்றிக் கேட்டு வைக்கட்டும்.

இதையெல்லாம் பாஸ்டரிடம் கொண்டுபோகும்போது மனையையோ கணக்கையோ முதலில் எடுக்காதீர்கள். அவருடைய ஜீவனத்திலிருந்து தொடங்குங்கள். காணிக்கை அவர் கணக்கில் விழுகிறது என்றால், அவருக்கென்று நிச்சயமான சம்பளம் இல்லை என்றும் அர்த்தம். மழைக்காலத்தில் காணிக்கை குறைந்தால் குறைவது அவர் வீட்டு அரிசி. டிரஸ்டின் முதல் கூட்டத்தில், முதல் தீர்மானமாக, அவருக்கு மாதச் சம்பளம் இவ்வளவு, வீட்டு வாடகை இவ்வளவு, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, அவர் பெயரில் ஓய்வூதியச் சேமிப்பு என்று எழுதுங்கள். அவர் அறங்காவலரும் என்பதால் தொகை நியாயமானதாக இருக்க வேண்டும், அந்தத் தீர்மானம் எடுக்கும் நேரம் அவர் வெளியே இருக்க வேண்டும். அவர் நோயில் விழுந்தாலோ வேறிடம் அழைக்கப்பட்டாலோ எத்தனை மாதம் சம்பளம் தொடரும், அதுவரை ஆராதனையை யார் நடத்துவார், புதிய பாஸ்டரை அறங்காவலர்களும் சபையும் எப்படித் தெரிந்தெடுப்பார்கள் என்பதையும் அதே தீர்மானப் புத்தகத்தில், அவர் சம்மதத்தோடு, அடுத்த பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பத்திரத்தின் வரைவு தயாரானதும், பதிவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.